பூஜ்யத்துக்காக ஒரு நாற்காலி

நவம்பர் 24

இன்று முழுக்கத் தண்ணீர்க் கணக்கு. எத்தனை லிட்டர் எடுத்தோம், எத்தனை லிட்டரைச் சுத்தம் செய்து வெளியே விட்டோம். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்று மூன்று பாகம் உள்ள ஆண்டறிக்கை. உலகத் தரத்துக்கு எழுதினால்தான் பெரிய கம்பெனிகள் எங்களிடம் அட்டைப்பெட்டி வாங்கும். ஆறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். 'காயத்தால் இழந்த வேலை நாட்கள்' என்ற கட்டத்தில் மூன்று வருடமாகப் பூஜ்யம். ஆலை மேலாளருக்கு அதில் அத்தனை பெருமை. முதுகுக்குப் பின்னால் அவர் எங்களுக்கு 'சைபர் சார்'.

மூன்று மணிக்கு வெட்டும் மெஷினில் ஒரு ஆபரேட்டருக்கு வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் நசுங்கிவிட்டதாம். 

நவம்பர் 25

அந்த ஆபரேட்டர் என் அறையில் உட்கார்ந்திருக்கிறார். காலையிலேயே கம்பெனி கார் போய் வீட்டிலிருந்து கூட்டி வந்துவிட்டது. ஜன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி. கையில் முழங்கை வரை கட்டு.

"டாக்டர் லேசான வேலை பாக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்கார். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்றார் சைபர் சார்.

என்ன ஒத்தாசை? ஆள் ஆலைக்குள் வந்துவிட்டால் நாள் இழப்பு கிடையாது, பூஜ்யம் அப்படியே நிற்கும். அவ்வளவுதான். வருகைப் பதிவு மெஷினில் அவர் வைக்கும் விரலே கட்டுக்குள் இருக்கிறது. அதனால் இடது கை விரலைப் புதிதாகப் பதிந்தார்கள். அதில் மட்டும் எத்தனை சுறுசுறுப்பு.

"அக்கா, நான் இங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"சும்மா இருங்க தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல?

நவம்பர் 28

நான்காம் நாள். அதே நாற்காலி. சும்மா இருக்கக் கூச்சப்பட்டு, ஒரு கையால் கோப்புகளை எடுத்து வைக்கப் பார்த்தார். எல்லாம் தரையில் விழுந்தது. குனிந்து பொறுக்கப் போனவரிடம் கத்திவிட்டேன். அவரிடம் ஏன் கத்தினேன்?

டிசம்பர் 1

காய்ச்சல். மேசையில் தலை வைத்துத் தூங்கினார். கைக்கட்டிலிருந்து ஒரு மாதிரி வாடை. சைபர் சாரிடம் போய், "வீட்டுக்கு அனுப்பிடுங்க சார், பாவம்" என்றேன். "மாத்திரை வாங்கிக் குடுங்க. இந்த ஒரு மாசம் ஓடட்டும்மா" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "மூணு வருஷமா அந்த சைபரை டைப் அடிச்சது யாரு?" என்றார். அவர் மேல் வந்த கோபத்தில் சாப்பிடவில்லை.

சரி — அது அவர் மேல் வந்த கோபம் இல்லை. போன வருடம் கால் பிசகிய ஒருவர் ஸ்டோர் அறையில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 3

சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி போன் செய்தார். "வீட்ல ரெஸ்ட்ல இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றார். எதுக்கு தினமும் கார் அனுப்புனீங்க?"

சைபர் சார் சொன்னது: "இனிமே வராத நாளை அவரோட சொந்த லீவுல கழிச்சுடலாம்."

ச்சீ. மனுஷனா இவன்? மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலையே. தலையாட்டிட்டு வந்தேனே — நான் என்ன ஜென்மம்?

பிப்ரவரி 10

அறிக்கையைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கறார். சைபர் சார் கொடுத்த கோப்பு கச்சிதமாக இருந்தது. அதில் நான் ஒரு தாளைச் சேர்த்திருந்தேன். நவம்பர் 25 காலை, வருகை மெஷினில் விரல் மாற்றிய பதிவு.

"எதுக்கு மாத்துனீங்க?"

"சின்னக் காயம். மேடம் ரூம்ல லேசான வேலை பாத்தார்" என்றார் சைபர் சார்.

"என்ன வேலை?" அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

"ஒரு வேலையும் இல்லைங்க. நாற்காலியில உக்கார வெச்சிருந்தோம். விரல் போயிடுச்சு. போன வருஷமும் இப்படி ஒருத்தரை உக்கார வெச்சோம். பூஜ்யம்னு எழுதினது நான்தான்."

சைபர் சார் தண்ணீர் குடித்தார். அந்த அம்மாள் எழுத ஆரம்பித்தார்.

பிப்ரவரி 12

என்னைச் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி எண்ணும் வேலை. போகட்டும்.

ஏப்ரல் 16

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் வழக்கம்போலப் பச்சை இலை. முன்னுரையில் சைபர் சார் சிரிக்கிறார். அவரை யாரும் எங்கேயும் மாற்றவில்லை. பக்கம் 46. காயத்தால் இழந்த வேலை நாட்கள்: 37. அடியில் பொடி எழுத்தில் போன வருட எண்ணுக்கும் திருத்தம்.

மாலையில் ஒரு பிரதியோடு ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி உட்காரச் சொல்லவில்லை. அவர்தான் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். எண்ணைக் காட்டினேன்.

"இதுல எம் பேர் இல்லையாக்கா?"

"பேர் போடமாட்டாங்க. ஆனா அது நீங்கதான். அடிபட்ட மறுநாள்லேர்ந்து வருஷக் கடைசி வரைக்கும்."

விரல் விட்டு எண்ணப் பார்த்தார். பிறகு நிறுத்தினார். "உங்க ரூம்ல உக்காந்திருந்தேனே, அந்த ஒரு வாரமுமா?"

"அதுவும் சேர்த்துதான்."

அறிக்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து மனைவியிடம் சொன்னார். "இங்க பாரு, இதுல நான் வீட்ல ரெஸ்ட் எடுத்திருக்கேன்."