சந்தனம் பட்ட கார்டு

இன்று ஆயுத பூஜை. ரேணிகுண்டாவில், விமானம் நிறுத்தும் ஹேங்கரில் யாரோ என் மேஜைமேல் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாசனை வந்த பிறகு வேலை ஓடவில்லை. உன்னோடு பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டேன் நண்பா.

தனியார் விமானங்கள் முளைத்த காலம் அது. நாகலாபுரத்திலிருந்து நீயும் விஜயபுரத்திலிருந்து நானும் புத்தூர் வந்து, ஒரே பஸ் பிடித்து வேலைக்கு வருவோம். முதலாளியிடம் இரண்டு சின்ன விமானங்கள். அவற்றின் ஜிபிஎஸ் கருவிக்கு இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை புதுத் தகவல் ஏற்ற வேண்டும். ஓடுதளம், வான்வழி, ரேடியோ அலைவரிசை எல்லாம் ஒரு சின்னக் கார்டில் வரும். ஒரு விமானத்துக்கு எழுதியதை இன்னொன்று ஏற்காது. நகல் எடுக்க முடியாதபடி பூட்டு வேறு. "நம்ம ஊட்டு மாடு மாதிரிடா, வேற ஆளு கை வெச்சா பால் தராது" என்பாய்.

வளைகுடா வேலைக்கான அனுபவச் சான்றிதழில் முதலாளியின் கையெழுத்துக்காக நீ காத்திருந்த வாரம், பூஜைக்கு மறுநாள், கருவி கார்டைப் படிக்க மறுத்தது. முதலாளி திரையைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார்.

"ஏமய்யா, வேற கம்பெனிக்கு காப்பி எடுக்கப் பாத்தியா? அதான் பூட்டிக்கிச்சி. கையெழுத்து கிடையாது, போ."

எனக்கு ரத்தம் கொதித்தது. நீயோ கார்டை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். அதன் தங்க நிறப் பட்டைகளின்மேல் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். முந்தின நாள் ஹேங்கர் முழுக்கத் தேடித்தேடி, மேஜைமேல் கிடந்த கார்டையும் விடாமல் பொட்டு வைத்தவர் முதலாளியேதான்!

நீ குரலை உயர்த்தவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துச் செருகினாய். திரை உயிர் பெற்றது.

"சாமிக்கு வெச்சது தப்பில்ல சார். அடுத்த வாட்டி கருவி மூடி மேல வெச்சிடுங்க."

அவர் அசடு வழிந்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "வாடா, எதுனா துன்னலாம்" என்றாய். சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய்.

நீ வளைகுடா போனாய். வீடு கட்டினாய், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தாய். போன வருஷம் அங்கேயே மாரடைப்பில் கண்ணை மூடிவிட்டாய். சேதி வந்த அன்று, அந்தச் சந்தனம் போகாமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்டா. நீ இங்கேயே, பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருப்பாய். ஆனால் திருட்டுப் பட்டத்தோடு வந்திருப்பாய். அது உன்னால் முடியாது.

பூஜைக்கு முன் எல்லாக் கார்டுகளையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. இன்றும் போட்டிருந்தேன். முதலாளி தள்ளாடி வந்து கிண்ணத்தை எடுத்தார். என் பையைப் பார்த்தார். நீ சொன்ன மாதிரியே, கருவியின் மூடிமேல் மட்டும் பொட்டு வைத்தார்.