பஸ்ஸில் வயிற்றுச் சத்தம்

செவ்வாய், இரவு.

குடல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் தனியாக பஸ்ஸில் கிளினிக் போனேன். மலம் சேர வயிற்றில் ஒட்டியிருக்கும் பை வழியில் நிரம்பிவிடுமோ என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. குருக்கள்மடம் தாண்டியதும் குடல் கடகடவென்று சத்தம் போட்டது. அதை அடக்க வழியில்லை. கைப்பையால் வயிற்றை மறைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத அக்கா திரும்பிப் பார்த்தார்.

"சாப்பிடல்லயா தங்கச்சி? வயிறு கத்துது."

கூடையில் இருந்த வாழைச் சீப்பிலிருந்து ஒரு கதலிப்பழத்தைப் பிய்த்து என் மடியில் வைத்தார். "தின்னுங்க."

மறுக்கக் கூச்சமாக இருந்தது. தின்றேன்.

இந்த நோய் வந்த நாளிலிருந்து சாப்பாடு என்றாலே வலிதான். இன்று வலிக்கவில்லை. அக்காவுக்குப் பையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார். எனக்குப் பசித்திருக்கிறது.

அவர் காத்தான்குடியில் இறங்கமுன் இன்னொரு பழம் கேட்டிருக்கலாம்.