வால் முளைத்த ந

பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

நலம்தானே? போனில் கூப்பிட்டால் உன் மகள் பட்டாணி போனைப் பிடுங்கிக்கொண்டு மூச்சு மட்டும் விடுகிறாள். நாம் பேசின மாதிரியே இல்லை. அதனால்தான் கடிதம். “இந்தக் காலத்துல யாரு லெட்டர் போடுவாங்க?” என்று உன் வீட்டுக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு வேலை மாறிவிட்டது. கூட்டித் துடைத்தது போதும் என்று குடோனுக்குள் போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டு ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் மலைமலையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் ‘வேலை செய்கிறது’ என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, ஒட்டியது யார் என்று தெரிய ஓர் எழுத்து போட வேண்டும். நான் நம் பாஷையில் ‘ந’ போடுகிறேன். நல்லது என்பதற்கு ந. மேலாளர் ஏதோ கிறுக்கல் என்று விட்டுவிட்டார்.

கையுறை, முகமூடி எல்லாம் உண்டு. வேர்த்துக் கொட்டுகிறதே என்று கழற்றினால் கத்துகிறார். பெட்டிகள் ஏழை நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போகின்றனவாம். எங்கோ ஒரு பிள்ளை நான் ஒட்டியதில் படிக்கும் என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. “ஆன் பண்ணிப் பாக்க வேண்டாமா?” என்று ஒருநாள் கேட்டேன். “நீ ஒட்டு, போதும்” என்றார்.

பட்டாணிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன் ஆசை அக்கா

மார்ச் 19

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவர் வாய்விட்டுப் படித்தார். சிரிக்கவும் செய்தார். முதுகு பிடித்துக்கொண்டு லாரி ஓட்ட முடியாமல் படுத்திருந்த மனிதர் சிரித்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

நானும் வேலைக்குப் போகிறேன் தெரியுமா? நம் தெருக்கோடியில் பூட்டிக்கிடந்த மர மில்லில் பழைய கம்ப்யூட்டர் பிரிக்கிறார்கள். ஆண்கள் செம்புக்காக ஒயரை எரிக்கிறார்கள். துணி காயப்போட முடியாத புகை. நான் போர்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துச் சுடுகிறேன். ஈயம் உருகியதும் சில்லுகளைப் பிடுங்கிவிடலாம். பட்டாணி பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆறிப்போன ஈய மணிகளைப் பொறுக்கிச் சொப்பு விளையாடுகிறாள்.

இப்போது அதிசயத்தைக் கேள். போன வாரம் வந்த பெட்டியில் ஒரு பச்சை ஸ்டிக்கர். அதில் ந! அதுவும் உன்னுடைய வால் முளைத்த ந. “இது எழுத்தா, எலியா?” என்று வாத்தியார் உன் தலையில் குட்டுவாரே, அதே ந. “எங்க அக்கா கையெழுத்துடி இது!” என்று மில் ஷெட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டாணியிடம் “இது பெரியம்மா எழுத்து” என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் தடவி “பெரியம்மா, பெரியம்மா” என்கிறாள்.

ஒன்றுகூட ஓடவில்லை அக்கா. கப்பலில் உடைந்திருக்கும் போல.

உன் செல்லத் தங்கை

ஏப்ரல் 8

அன்புத் தங்கச்சிக்கு,

அந்த வேலையை உடனே விடு. காரணம் கேட்காதே. வீட்டுக்குள் எதையும் கொண்டுவராதே. அந்தச் சட்டியைத் தூக்கிப் போடு. பட்டாணியை அந்தப் பக்கமே விடாதே.

நீ பார்த்த ந என்னுடையதாக இருக்காது. நம்மவர்கள் எத்தனையோ பேர் இங்கே வேலை பார்க்கிறார்கள். எல்லோர் எழுத்துக்கும்தான் வால் முளைக்கும்.

உன் அக்கா

மே 2

அக்காவுக்கு,

கையுறை போட்டுக்கொண்டு கட்டளை போடுவது சுலபம் என்று உன் கடிதத்தைப் பார்த்ததும் கோபம் வந்தது. இப்போது கோபப்படக்கூடத் தெம்பில்லை.

பட்டாணிக்கு மூன்று வாரமாக வயிற்றுவலி. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மடமடவென்று பேசிய பிள்ளை, தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கிறாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா, “வீட்ல என்ன உருக்குறீங்க?” என்று கேட்டார். போர்டு சுடுவதைச் சொன்னேன். பிள்ளையின் ரத்தத்தில் ஈயமாம் அக்கா. அடுப்பு மூட்டியவள் நான். பக்கத்தில் உட்காரவைத்து வேடிக்கை காட்டியவளும் நான்தான்.

ஒரு ஸ்டிக்கரை உரித்து வந்து உன் முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நலம்தானே என்று கேட்டிருக்கிறாயே, அந்த ந-வும் இந்த ந-வும் ஒட்டிப் பிறந்தவை. இதோடு அனுப்பியிருக்கிறேன், நீயே பார்.

உன்னைத் திட்ட வரவில்லை. ஒன்றே ஒன்று சொல். அவை ஓடாது என்று உனக்குத் தெரியுமா?

தங்கை

மே 21

தங்கச்சி,

தெரியும்.

குடோனுக்கு மாறிய வாரமே மேலாளர் இல்லாத நேரத்தில் சிலவற்றைச் செருகிப் பார்த்தேன். ஒன்றும் கண் திறக்கவில்லை. பிறகும் ஒட்டினேன். மறுபடி துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். இங்கே இவற்றை முறையாகப் பிரிக்க நிறையச் செலவாகும். குப்பை என்றால் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். ‘வேலை செய்கிறது’ என்று ஒட்டிவிட்டால் அது சரக்கு. ஒட்டியது என் கை.

உன் கடிதம் வந்தபோது அந்த எழுத்தே என்னுடையது இல்லை என்று சாதித்தேன். நான் பொய் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் பட்டாணி அந்த அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் நீ அன்றே அடுப்பை விட்டு எழுந்திருப்பாய்.

எங்கோ ஒரு பிள்ளை என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெரியம்மா இருப்பாள் என்று தோன்றவில்லை. நம் பிள்ளை என்று தெரிந்த பிறகுதான் ஒட்டுவதை நிறுத்தினேன். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

துறைமுக அதிகாரிகளிடம் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டு, போகச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டேன். என் மேஜையில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டிக்கரில் அவள் வட்டம் போடுகிறாள்.

நான் வரட்டுமா? பட்டாணியைப் பார்த்துக்கொள்கிறேன், நீ எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. வா என்று ஒரு வார்த்தை எழுது. எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா

ஜூலை 10

அக்காவுக்கு,

ஷெட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். இரண்டு வீட்டில் துணி துவைக்கிறேன். வட்டம் போட்ட பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரி இன்னும் பிரிக்கிறாள். வேண்டாம் என்றால், “அப்ப வேற வேலை வாங்கிக் குடு” என்கிறாள்.

சட்டியை எறிந்துவிட்டேன். அடுப்படியைத் தேய்த்துத் தேய்த்துக் கை உரிந்துபோயிற்று. பட்டாணிக்கு வயிற்றுவலி குறைந்திருக்கிறது. ரத்தத்திலும் குறையும், ஆனால் மூளையில் போனது திரும்புமா என்று சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டரம்மா.

வா என்று எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை.

பட்டாணியைப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். காலையில் சொல்லிக்கொடுத்தது மாலையில் நிற்பதில்லை. அ போய்விட்டது, ஆ போய்விட்டது. ஓர் எழுத்து மட்டும் போகவில்லை. சிலேட்டைக் கொடுத்தால் வாலோடு அதைத்தான் போடுகிறாள்.

“ந-ல ஆரம்பிக்கிற வார்த்தை ஒண்ணு சொல்லும்மா” என்று டீச்சர் கேட்டிருக்கிறார். “பெரியம்மா” என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. இவளும் சேர்ந்து சிரித்தாளாம்.

அது தப்பு என்று அவளிடம் என்னால் சொல்ல முடியாது. நீ வந்து சொல்.

தங்கை