சந்தியாகு தாத்தாவைச் சாகடிக்காதே

மயிலாப்பூர்
நவம்பர் 3

அன்பு மகன் நோயலுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் மாத்திரையும் கஷாயமுமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் ஜோனும் குழந்தை ஆஸ்வினும் அந்தக் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டுகிறேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதில் லஸ் பக்கம் போய் வருவதே பெரும்பாடு, பஸ் எங்கே நிற்கும் என்று பஸ்காரருக்கே தெரியவில்லை. எனக்கு ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. போனில் சொல்லலாமென்றால் நீ கூப்பிட்டதுமே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

எல்லாம் உன் புத்தகத்தால் வந்தது. ராஜா மந்திரி யாரும் இல்லாமல் சாதாரணக் குடும்பங்களை வைத்தே நாட்டின் கதையைச் சொல்லப்போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவளின் பிள்ளை அல்லவா. நம் குடும்பத்தைப் பற்றி நீ எழுதி அனுப்பியதை அப்பா அக்கம்பக்கமெல்லாம் வாசித்துக் காட்டினார். அதில் உன் சவரிமுத்து தாத்தாவின் தம்பி சந்தியாகு ரங்கூனுக்கு வேலைக்குப் போனதும், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கால்நடையாகக் கிளம்பி 1942-ல் வழியிலேயே இறந்ததும் வருகிற இடத்தை மட்டும் அப்பா இரண்டு தடவை வாசிப்பார். நானும் சும்மா இருக்கவில்லை, கோயிலில் மரியாயின் சேனைக் கூட்டத்தில் பெருமையடித்துக்கொண்டேன். அங்கே சிந்தாதிரிப்பேட்டைக்காரி ஒருத்தி, எங்க பங்குக் கோயில்ல பர்மா புஷ்பம்னு ஒரு அம்மா இருந்தாங்க, அவங்க அப்பா பேரும் சந்தியாகுதான், மயிலாப்பூர்க்காரருன்னு சொல்லுவாங்க என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் புஷ்பத்தை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள்.

நோயல், நம் சந்தியாகு தாத்தா வழியில் சாகவில்லை. காய்ச்சலில் விழுந்து, கூட நடந்தவர்கள் செத்தாரென்று விட்டுவந்தவரை ஒரு பர்மாக்காரக் குடும்பம் எடுத்துப் போய்ப் பிழைக்கவைத்திருக்கிறது. பிறகு அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். நடுவில் போட்ட கடுதாசிகள் என்ன ஆயினவோ, ஒன்றும் இங்கே வந்து சேரவில்லை. 1964-ல் பர்மாவிலிருந்து நம் ஆட்களை அனுப்பினார்களே, அந்தக் கப்பலில் பெண்டாட்டியோடும் எட்டு வயசுப் புஷ்பத்தோடும் இந்த ஊரில் வந்து இறங்கியிருக்கிறார். யாரையும் விசாரிக்காமல் கல்லறைத் திருநாள் வரைக்கும் காத்திருந்தாராம். அன்றைக்கு ஒட்டுமொத்தக் குடும்பமும் பெற்றவர்கள் கல்லறையில் நிற்கும், ஒரே இடத்தில் எல்லோரையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கு. நம் ஆள்தானே, வேறெப்படி யோசிப்பார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கல்லில் பெற்றவர்கள் பெயருக்குக் கீழே தன் பெயர், செத்த வருஷத்தோடு. அண்ணன் அதற்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அழுதுகொண்டிருக்கிறார்.

புஷ்பம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "அந்தக் கல்லாண்ட போய் நிக்கவே இல்ல எங்க நைனா. தூரக்க நின்னுக்கினே பாத்துச்சு. அது யாரு பேருன்னு கேட்டேன். தெரிஞ்சவரு ஒருத்தருன்னு சொல்லிச்சு. அப்பால என்னை இட்டுக்கினு வந்துட்டுச்சு" என்றார். கையில் காசில்லாமல், பர்மாக்காரப் பெண்டாட்டியை அகதி முகாமில் விட்டுவிட்டு வந்த மனுஷன், தனக்காக அழுகிற அண்ணன் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று கூசினாரோ என்னவோ. நினைக்க நினைக்க ஆறவில்லை. அதற்குப் பிறகு சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்தாராம், அந்த அம்மாள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்றாராம். நம் வீட்டிலிருந்து என்ன பெரிய தூரம், சொல். அவர் கீழ்ப்பாக்கம் கல்லறையில் இருக்கிறார். கூவத்தோரம் இருந்த இவர்கள் வீட்டை இடித்து, புஷ்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள்.

உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாரோ ஒருத்தி வந்து சொன்னா நம்பிடணுமா என்று புஷ்பத்தின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். எனக்குக் கூசிப்போனது. புஷ்பம் கோபப்படவில்லை. "அன்னிக்கு அந்தக் கல்லாண்ட மெழுகை உருட்டிக்கினு ஒரு பையன் நல்லா அடி வாங்கினான், அது மட்டும் ஞாபகம் கீது" என்றார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவர், நான் காப்பி கொடுத்து அனுப்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை. அவர்தானே அந்தப் பையன். போகும்போது வாசலில் புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புஸ்தகத்துலயும் எங்க நைனாவ சாகடிச்சுடாதீங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. முறைப்படி அவர் உனக்கு அத்தை.

அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான். நோயல் எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்கிறார் அப்பா. கப்பல் வந்ததெல்லாம் பேப்பரில் வந்தது, எத்தனையோ பேர் துறைமுகத்துக்கே போய்ச் சொந்தக்காரர்களைத் தேடினார்கள். எங்க அப்பா தம்பியைத் தேடலன்னு ஊருக்குச் சொல்லணுமா என்று கத்துகிறார். செத்துவிட்டான் என்று நம்பியவர் எப்படித் தேடுவார், அதையும் சேர்த்து எழுதினால்தான் கதை என்கிறேன் நான். எனக்கு உன் அப்பாவின் மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

திருநாளுக்கு முந்தின நாள் வழக்கம்போலக் கல்லறைக்கு வெள்ளையடித்து எழுத்துகளுக்குக் கறுப்புத் தீட்ட அப்பா தனியாகப் போனார், என்னை வராதே என்றுவிட்டார். நேற்று நான் சொல்லி வைத்தபடி புஷ்பமும் வந்தார், இந்தத் தடவை தூரத்தில் நிற்க நான் விடவில்லை. கல்லில் எல்லாப் பெயரும் பளிச்சென்று இருந்தது, சந்தியாகு பெயரும்தான். அதற்குப் பக்கத்தில் இருந்த வருஷத்தின் மேல் மட்டும் வெள்ளையடித்து அப்படியே விட்டிருந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து மெழுகுவத்தியை எடுத்துப் புஷ்பத்தின் கையில் கொடுத்து, ஏத்தும்மா என்றார்.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடச் சொல். தேவமாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். அச்சுக்குப் போகப்போகிறது என்றாயே, இதைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை நிறுத்து. உன் அப்பா உன்னிடம் வாய்திறந்து சொல்லமாட்டார். அவர் கல்லில் அழித்த வருஷத்தை நீ புத்தகத்தில் போட்டுவிடாதே.

உன் அம்மா,
டெல்பின் இக்னேஷியஸ்