வலது ஓரம் கத்தரித்த படம்

பெப்ரவரி 17, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பதுக்குப் பிறகு சுள்ளென்று வெயில். சின்னவனின் துணி பத்துக்குள் காய்ந்துவிட்டது.

திங்கள் ஸ்கூலுக்குப் படிப்பிக்கத் திரும்ப வேண்டும். சம்பளமில்லாத லீவும் முடிகிறது. என் மகன் சின்னவனுக்குப் பத்து மாதம். தவழ்கிறான், கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறான். அவனைப் பார்த்துக்கொள்ள இவருடைய அக்கா இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறார். எனக்கு அண்ணி. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நாலு தடவை பார்த்திருப்பேன். பேசியது மொத்தமாக ஒரு மணித்தியாலம்.

இவர்: "என்னையே அக்காதான் வளத்துச்சு. அப்புறம் என்ன?"

அதைத்தான் நானும் யோசிக்கிறேன். எப்படி வளர்த்தார்?

அண்ணி ஒரு பையில் பழைய படங்கள் கொண்டுவந்திருக்கிறார், சின்னவன் யார் சாயல் என்று பார்க்க. "மூக்கு அப்பிடியே தம்பிதான்." நான் மூக்கைப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 18, புதன்

பால்மா முடியப்போகிறது. தேருக்குக் கடை போட ஆரம்பித்துவிட்டார்கள், டவுனில் நடக்க இடமில்லை.

அண்ணி குளிக்கப் போனபோது படங்களை மறுபடி எடுத்தேன். இவருடைய சின்ன வயதுப் படம் மூன்றே மூன்று.

1. கோயில் திருவிழா. அம்மா இடுப்பில். மூக்கு ஒழுகுகிறது, யாரும் துடைக்கவில்லை.

2. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த ஆள் எடுத்ததாம். ஒரு வயது இருக்கும். உடுப்பு இல்லை. இடுப்பில் கயிறு. அரைஞாண் அல்ல, துணியை முறுக்கிய தடித்த கயிறு. வலது பக்கமாகப் போகிறது, படம் அங்கே முடிகிறது.

3. ஸ்கூல் குரூப் படம். வெறுங்கால்.

இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று ஓரத்திலும் வெள்ளைக் கரை. வலது ஓரத்தில் இல்லை. கத்தரிக்கோல் போன தடம், கொஞ்சம் கோணல்.

கயிற்றின் மறுமுனை எதில் இருந்தது? தூணிலா, கட்டில் காலிலா? எதை மறைக்க வெட்டினார்கள்?

இவரிடம் காட்டினேன். சிரிக்கிறார். "கட்டிப் போட்டிருப்பாங்க. நான் சரியான குழப்படி." ஏதோ ஆட்டுக்குட்டியைச் சொல்வது போல.

பெப்ரவரி 20, வெள்ளி

வெயில். அண்ணி மிளகு காயப் போட்டார். சின்னவன் அவரிடம் அழாமல் போகிறான். அதுவும் பிடிக்கவில்லை.

என் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனதால் சித்தி வீட்டில் வளர்ந்தவள் நான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு படம், அம்மாவுக்கு அனுப்ப. புது கவுன், ரிப்பன், அம்மா அனுப்பிய பெரிய பொம்மை கையில். படம் எடுத்து முடிந்ததும் சித்தி பொம்மையை வாங்கிக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஒன்பது படம். பொம்மையைத் தொட்டதும் ஒன்பதே தடவை.

படம் எடுக்கிற நாளில் எல்லா வீடும் நல்ல வீடுதான். அதனால் அழகான படத்தை நான் நம்புவதில்லை. அழுக்கான படத்தை நம்புகிறேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

பி.ப. 3. அண்ணி கடைக்குப் போன நேரம் அவருடைய பேக்கைத் திறந்தேன். எழுதவே வெட்கம். இரண்டு சேலை, தைலம், பழைய கொப்பி ஒன்று. அடியில் சேலைத் துண்டைப் பின்னிச் செய்த பட்டி. இரண்டு ஆள் நீளம்.

மூடி வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

கேட்டேவிட்டேன். அண்ணி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பேக்குல ஒரு பட்டி இருக்கே, அது எதுக்கு?"

"சின்னவனக் கட்டத்தான்."

ஒளிக்கக்கூட இல்லை.

"என் புள்ளயக் கட்டி வைக்க விடமாட்டேன். உங்க தம்பியக் கட்டின படத்தப் பாத்தேன். ஓரத்த வெட்டியிருக்கு."

கத்தியை வைத்துவிட்டு எழும்பிப் போனார். சண்டைதான் என்று நினைத்தேன். அந்தக் கொப்பியோடு வந்தார். ஏழாம் வகுப்புக் கணக்குக் கொப்பி, பாதிக்குமேல் வெறும் பக்கம். உள்ளே கத்தரித்த துண்டு. படத்தோடு சேர்த்து வைத்தார். பொருந்தியது.

வெள்ளை யூனிபோம், இரட்டைச் சடை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில்.

"லயத்துக்கு முன்னால ஆழமான தண்ணிக் கான் ஓடுச்சு, புள்ள. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிரும். நான் கூட்டணும், சமைக்கணும், தண்ணி எடுக்கணும். வேற எங்க கட்டுறது? அவன் இழுத்தா எனக்குத் தெரியணும்ல."

"ஏன் வெட்டுனீங்க?"

"அப்ப ஸ்கூல விட்டு நின்னு ஒரு மாசம். படம் எடுக்க ஆளு வந்துச்சுன்னு யூனிபோம எடுத்துப் போட்டேன், வேற நல்ல உடுப்பு இல்ல. அதுதான் கடைசி. அப்புறம் பாக்கப் புடிக்கல, வெட்டிட்டேன். வீச மனசு வரல."

போஞ்சியை மீண்டும் எடுத்தார்.

பிறகு இவரிடம் கேட்டேன், அக்கா எதுவரை படித்தார் என்று. "அக்கா ஸ்கூல் போச்சா?" என்கிறார்.

பெப்ரவரி 23, திங்கள்

மேகம். மழை இல்லை. ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். சோக்பீஸ் தூசி, தும்மல்.

மனம் கேட்கவில்லை. தலைவலி என்று பொய் சொல்லி இரண்டு பாடம் முன்னதாகவே கிளம்பினேன். சத்தம் கேட்கக்கூடாதென்று பின்பக்கமாக வந்தேன்.

பைப்படியில் அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பட்டி. அடுத்த முனையில் சின்னவன், மூடியால் தண்ணீரை அடித்துக்கொண்டு. கட்டின இடத்தில் துவாயை மடித்து வைத்திருந்தார், உறுத்தாமல். முன் வாசல் திறந்து கிடந்தது. எங்களுக்குக் கேட் இல்லை, பஸ் வாசலை உரசிக்கொண்டு போகும்.

"என்ன புள்ள, நேரத்தோட வந்துட்ட?"

"தலவலி."

முகத்தைப் பார்த்தார். தெரிந்துவிட்டது. தன் முடிச்சை அவிழ்த்து நுனியை நீட்டினார். "நான் குளிக்கணும். இத நீ கட்டிக்க."

கட்டிக்கொண்டேன். பிள்ளையைக் கட்டுவது சரியென்று இன்னும் சொல்லமாட்டேன். என்னுடைய ஒன்பது படத்திலும் கயிறு இல்லை. ஓரத்தை யாரும் வெட்டவும் இல்லை. அந்தப் பக்கம் ஆளே இல்லை.

அண்ணி குளிக்கிற சத்தம். சின்னவன் வாசல் பக்கம் தவழ்கிறான். இழுக்கிறான். எனக்குத் தெரிகிறது.