அம்மாவிடம் மிஞ்சிய சொல்

அன்புள்ள கண்ணா,

நான் நலம். அம்மா நலத்தை நோக்கிக் கைத்தடியோடு நடந்துகொண்டிருக்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் மீதி நலமும் எங்களுக்கு வந்து சேரும்.

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறாய், சீக்கிரம் பதில் வேண்டும் என்கிறாய். அதற்கு முன் ஒன்றைக் கேள். தையல் கடையில் இத்தனை வருடம் அவள் சரளமாகப் பேசிய இந்த ஊர் மொழி, பக்கவாதத்தோடு போய்விட்டது. மிஞ்சியது நம் மொழியில் ஒரே ஒரு சொல். பிடி. காலையில் கையை நீட்டிச் சொன்னால் எழுப்பிவிட வேண்டும். வாளியைக் காட்டிச் சொன்னால் தண்ணீர். முழங்காலைத் தொட்டுச் சொன்னால் இதமாக அமுக்க வேண்டும். சன்னலைப் பார்த்துச் சொன்னால் மழை பிடித்துக்கொண்டது, ஓடு, கொடியில் துணி. மேல்வீட்டுக் குழந்தை அழுதால் அதையே சிரித்துக்கொண்டு சொல்கிறாள், அடம் பிடிக்கிறதாம். நேற்று என் புதுச் சட்டையைப் பார்த்து உதட்டைச் சுழித்துச் சொன்னாள். தொப்பையில் பிடிக்கிறது. பேச்சுப் பயிற்சி தர வரும் பெண்ணுக்கு நம் மொழி தெரியாது, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். விரல்விட்டு எண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன், விரல் போதவில்லை. ஒரு சொல் என்கிற இவ்வளவு பெரிய வீட்டுக்குள்ளா இத்தனை நாள் குடியிருந்தேன்?

அந்த இல்லத்திலும் நல்லவர்கள் இருப்பார்கள். ஆனால் அவள் பிடி என்றால் அவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டி, பெற்ற பிள்ளை எழுதுகிற எழுத்தா இது என்று பொரிந்து தள்ளினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நல்ல கையால் என் வாயைப் பொத்தினாள்.

"விடு."

இரண்டாவது சொல். கல்யாணமான நாளிலிருந்து விடுங்க என்றவள். மரியாதை போனால் போகட்டும், பேச்சு வருகிறதே. அந்தச் சொல் உனக்காக வந்திருக்கிறது. விட்டுவிட்டேன், கண்ணா, உன் மேல் கோபமில்லை. அவளை அனுப்பப் போவதும் இல்லை. அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

எங்கள் இருவர் ஆசியும் உன்னைச் சுற்றி இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிறன்று மறக்காமல் போன் செய். அவள் பிடி என்பாள். எதைச் சொல்கிறாள் என்று யோசிக்காதே. பிடிச்சிருக்கேன்மா என்று சொல், போதும்.

என்றும் உன்
அப்பா