கதவு திறக்கும்வரை

ஜனவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், அப்புறம் இரண்டு பேரும் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். அதனால்தான் கடிதம். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி நடத்துகிற அண்ணனும் தங்கையும் தபாலில் சண்டை போடுவதை யாரிடமும் சொல்லிவிடாதே.

இங்கே தலைநகரில் நிலைமை சரியில்லை. நமக்குப் போட்டியாக வந்த அந்த நீல வண்டிக்காரர்கள் நாம் கேட்பதில் பாதிக்கே பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறார்கள். நம்முடைய பழைய அடுக்குமாடிகளும் அவர்கள் பக்கம் சாய்கின்றன. செலவைக் குறைத்தால்தான் வளர முடியும். போன் அறையை மூடப்போகிறேன். லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால், மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை இன்னொருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பது இந்தக் காலத்தில் கட்டுப்படியாகுமா? பதிவு செய்த குரல் போதும். போன் அறையில் நாம் ரேடியோ என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணின் குரலையே பதிவு செய்யலாம். அவள் குரல்தான் எல்லோருக்கும் பழக்கம்.

இருமல் குறைந்ததா? மெஷின் அறைக்குப் போகும்போது மூக்கை மூடிக்கொள்.

உன் அண்ணன்


ஜனவரி 14

அண்ணா,

இருமல் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. எதற்கு முதலில் மருந்து அனுப்புவாய்?

போன் அறையைச் செலவு என்கிறாய். நாம் இரண்டு பேரும் ஒரு ஸ்பானர் பெட்டியோடு தொடங்கியபோது நம்மிடம் வேறு என்ன இருந்தது? ஸ்பானர் எல்லாக் கம்பெனியிடமும் உண்டு. நம்முடைய மணியை அழுத்தினால் ஒரு மனுஷி எடுப்பாள், கதவு திறக்கும்வரை வைக்க மாட்டாள். அதற்காகத்தான் கூடக் கொடுத்து நம்மிடம் வந்தார்கள்.

நேற்று இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு டியூஷன் டீச்சர் மாட்டிக்கொண்டார். ஒரே அழுகை. ரேடியோ சொல்கிறாள்: "அழுங்க டீச்சர், யாரு வேணாம்னா? எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டு அழுங்க." மெக்கானிக் கதவைத் திறக்கும்போது டீச்சர் ரேடியோவுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். "கொஞ்சம் இருப்பா, இத முடிச்சுக்கறேன்" என்று அவனையே நிற்க வைத்துவிட்டார்.

நாமும் நீல வண்டிக்காரன் மாதிரியே ஆகிவிட்டால், ஜனங்கள் அவனிடமே போய்விட மாட்டார்களா? அவன் இன்னும் மலிவு. விலையில் அவனோடு ஓடினால் நாக்குத் தள்ளிவிடும். அவன் செய்யாததைச் செய்தால்தான் நமக்குப் பிழைப்பு. போன் அறையை மூட விடமாட்டேன்.

தங்கச்சி


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆனால் கம்பெனியில் பெரும்பங்கு என்னுடையது, முடிவும் என்னுடையதுதான். ரேடியோ இங்கே வந்து சந்தோஷமாகப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிட்டாள். உனக்குத்தான் வீம்பு. போன் அறையில் இருப்பவர்கள் இந்த மாதக் கடைசிவரை வரட்டும். பிறகு விற்பனைக்கு ஆள் பிடிக்கப் போகலாம், பிடிக்காதவர்கள் கிளம்பலாம். பாசம் பார்த்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

மருந்து அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் குடி.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உன் புதுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொள்.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார். மணியை அழுத்தியிருக்கிறார். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்." "சரிம்மா, எவ்வளவு நேரம் ஆகும்?" "பயப்படாதீங்க, நான் இருக்கேன்." மூச்சு முட்டுகிறது என்று கதறியிருக்கிறார். கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். அதற்கு அந்தக் குரல் சொன்னதாம்: "ரொம்ப நல்லதுங்க. அப்படியே இருங்க."

வெளியே வந்தவர் நேராக ரேடியோவின் வீட்டு வாசலுக்குப் போய்த் தெருவே கேட்கக் கத்தினார். "நீயெல்லாம் பொம்பளையா? சாகக் கெடக்கறேன், நல்லதுங்கறியே!" அவள் பேந்தப் பேந்த விழித்தாள். விளம்பரத்துக்கு என்று சொல்லித்தானே அவளைப் பேச வைத்தாய்? உனக்கு அவள் விலைபோய்விட்டாள் என்று நினைத்து இத்தனை நாள் நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் வெளியே வந்துவிட்டேன். ரேடியோவும் போன் அறைக்காரர்களும் என்னோடு வந்துவிட்டார்கள். ஸ்பானர் பெட்டியை நீயே வைத்துக்கொள்.

தங்கை


ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

கேள்விப்பட்டிருப்பாய். கம்பெனியை நீல வண்டிக்காரர்களோடு சேர்த்துவிட்டேன். உன் ஊரும் சேர்த்து இந்த வட்டாரம் முழுவதற்கும் இப்போது நான்தான் பொறுப்பு. வளர்ச்சி என்றால் இதுதான். இனி ஒவ்வொரு லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ரகசிய எண் போட்ட பூட்டு. வெளியாள் யாரும் பழுது பார்க்க முடியாது.

ஆனால் எங்கள் லிஃப்டுகளில் உன் மஞ்சள் ஸ்டிக்கர் எப்படி வந்தது? "எந்தக் கம்பெனி லிஃப்டானாலும் கூப்பிடுங்கள்" என்று உன் போன் நம்பர் வேறு. மேலிடம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. அண்ணனாகச் சொல்கிறேன், அதைக் கிழித்துவிட்டு இங்கே வா. நல்ல பதவி வாங்கித் தருகிறேன்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணாவுக்கு,

பூட்டு பெட்டிக்குத்தானே? பேச்சுக்கு இல்லையே. உங்கள் மெஷினை நாங்கள் விரலால்கூடத் தொடுவதில்லை. மாட்டிக்கொண்டவரோடு பேசுகிறோம், இன்னொரு போனில் உங்கள் மெக்கானிக்கைப் பிடித்து, வந்து சேரும்வரை உயிரை எடுக்கிறோம். ஸ்டிக்கரை ஒட்டியது குடியிருப்போர் சங்கங்கள். லிஃப்ட் அவர்கள் சொத்து. மாதச் சந்தாவும் அவர்களே கட்டுகிறார்கள்.

முதல் ஸ்டிக்கரை எங்கே ஒட்டினோம் தெரியுமா? வீட்டுவேலைக்கு வருகிற பெண்களும் மூட்டை தூக்குகிறவர்களும் போகிற பின்பக்க லிஃப்டில். அங்கே நீங்கள் மணிகூட வைக்கவில்லை. அவர்கள் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்ளட்டும், அப்படித்தானே? அந்தப் பெண்கள்தான் வேலை செய்கிற வீடுகளில் எல்லாம் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். எங்களுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. இப்போது உட்கார நாற்காலி போதவில்லை. சாயங்காலத்தில் அந்த டியூஷன் டீச்சரும் வந்து போன் எடுக்கிறார்.

நோட்டீஸை அனுப்பு. மாட்டிக்கொண்டவர்களுக்கு ரேடியோ அதை வாசித்துக் காட்டுவாள். சிரிக்க அவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே.

உன் பதவி எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் வேண்டாம்.

உன் அலுவலக லிஃப்டிலும் ஒட்டியாகிவிட்டது. காவலாளி கேட்டு வாங்கிக்கொண்டார். என்றைக்காவது மாட்டிக்கொண்டால் கூப்பிடு. பேர் சொல்ல வேண்டாம், என் அண்ணன் என்றும் சொல்ல வேண்டாம். ரேடியோதான் எடுப்பாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் போனை வைக்க மாட்டாள். கதவு திறக்கும்வரை திட்டுவாள்.

வாயாடி